ஒவ்வொரு முடிச்சுக்கும் ஓர் ஆணி

கட்டி முடித்த வீட்டுக்குள் கடைசியாக நுழைகிறவர்கள் நாங்கள். மேசன் போய், மரவேலை ஓடாவியார் போய், பெயின்ற் அடிக்கிறவரும் போன பிறகு, வீட்டுக்காரரின் கையிருப்பும் பொறுமையும் ஒன்றாகத் தீர்ந்திருக்கும் நேரம் பார்த்து, "ஒரு சுவர் வெறுமையாக் கிடக்கு, அதுக்கு என்னவாவது செய்யுங்க" என்று கூப்பிடுவார்கள்.

அந்த "என்னவாவது"தான் எங்கள் தொழில். ஜிப்சம் மாவையும் உமியையும் குழைத்து அச்சில் ஊற்றி, சுவருக்கும் சீலிங்குக்கும் அலங்காரப் பனல் செய்கிறோம். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டில் ஒன்று இருக்கிறது, அதுதான் தொழிற்சாலை. அச்சுச் செதுக்குவதும் கலவை கண்டுபிடிப்பதும் நான். சுவரில் ஏற்றுவது என் கணவர் ரமணன். கட்டாரில் உள்ளலங்கார வேலை பழகி வந்தவர். குழைப்பதும் தூக்குவதும் குணம் அண்ணன். முன்பு வாவியில் வலை போட்டவர். இன்னொரு ஆள் எங்கள் மகள். அவளுக்கு இப்போதுதான் நடை ஓட்டமாகியிருக்கிறது. அவள் ஓடுகிற இடமெல்லாம் தலைக்கு மேல் எதுவோ ஒன்று தளர்ந்து தொங்குவதாக எனக்குப் படும். அவள் உறங்கின பிறகுதான் எனக்கு எழுதக் கை ஓயும்.

இடுப்பில் பிள்ளையோடு தொழில் செய்கிறவர்களும், வீட்டு மனிசரை மறுபடி வெளிநாட்டுக்கு அனுப்பாமல் இருப்பதற்காகத் தொழில் செய்கிறவர்களும் இதை வாசித்தால் போதும். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். நான் இரண்டு கூட்டத்திலும் சேர்த்தி. ரமணன் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: கொட்டில் வீட்டைத் தாங்கினால் நிற்பார், தாங்காவிட்டால் திரும்பவும் கட்டார். ஆகவே, ஒரு பக்கம் பனல் விழக்கூடாது, மறுபக்கம் புது வேலைக்கு ஓடர் விழவேண்டும். இதுதான் என் பிரச்சினை முழுவதும்.

தொட்டிலுக்குள் விழுந்த பூ

நாங்கள் பனல் செய்யத் தொடங்கினதே ஒரு பனல் விழுந்ததால்தான். மகள் பிறக்கப்போகிற மாதம், அறையை வடிவாக்கவேண்டும் என்று கொழும்புக் கடையொன்றில் சீலிங்குக்கு ஒரு பெரிய பூ வாங்கினோம். வெள்ளை வெளேரென்று, இதழ் இதழாக, பார்க்க நல்ல இலட்சணம். கடைக்காரர் தந்த பசையாலேயே ஒட்டினோம். கீழே புதுத் தொட்டில்.

ஒரு மத்தியானம் நான் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்க, உள்ளே பொத்தென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் பூவைத் தொட்டிலுக்குள் கிடத்தினது போல் இருந்தது. சின்னத் தலையணை கிழிந்து பஞ்சு வெளியில். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். ரமணன் கடைக்குப் போன் எடுத்துக் கத்தினார். அந்தப் பக்கத்தில் ஒரு பொறுமையான குரல் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னது:

"உள்ளுக்குப் பிள்ளை இருக்கேல்லத்தானே? அப்ப என்ன பிரச்சினை?"

பூனை பார்த்த சுவர்

என் கண்டுபிடிப்புகளைப் பற்றி யாராவது கேட்டால், படித்து யோசித்துச் செய்தது போல் முகத்தை வைத்துக்கொள்வேன். உண்மையில் எல்லாம் பயம் சொல்லித் தந்தவை. பாரமானது விழுந்தால் அடி பெரிது என்பதால் பாரத்தைக் குறைக்க உமி சேர்த்தேன். மாமாவின் வயல் வட்டையில் விளைந்து மில்லில் குத்தின நெல்லின் உமி. சல்லடையில் அரித்துச் சேர்த்தால் பனல் பாதிப் பாரம்தான். பிறகு, விழுந்தாலும் துண்டு துண்டாகப் போகாமல் இருக்க உள்ளே ஒரு துணி வைக்கவேண்டும். அந்தத் துணி கொழும்பிலிருந்து வரவேண்டும். ஒருமுறை வரவில்லை. கலவை குழைத்தாயிற்று, இறுகத் தொடங்கிவிட்டது. குணம் அண்ணன் ஓடிப்போய்த் தன் பழைய நைலான் வலையைக் கொண்டுவந்து உள்ளே விரித்தார்.

அவசரத்தில் வலை முகப்புக்குக் கிட்டப் போய்விட்டது. அச்சைக் கழற்றினால், நான் செதுக்கிய பூக்கொடியைக் காணவில்லை. முகப்பு முழுக்க வலையின் கண்ணும் முடிச்சும். எனக்கு அழுகை வந்தது. ரமணனுக்கு வியாபாரம் வந்தது. "வாவிச் சுவர்" என்று பெயர் வைத்து, பக்கத்துத் தெரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவரின் ஹோலில் ஏற்றிவிட்டு வந்தார். வந்தவர் போனவரெல்லாம் புகழ்ந்தார்களாம்.

மாரி தொடங்கியது. ஈரம் ஏற ஏற, வலை தன் பழைய வாழ்க்கையை நினைக்கத் தொடங்கியிருக்கிறது. அதிபர் மரியாதையான மனிதர். முறைப்பாடு என்று சொல்லவே மாட்டார். வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்று, மெதுவாகத்தான் சொன்னார்:

"எங்களுக்கு ஒண்டும் மணக்கல்ல மகள். ஆனா பூனை மூண்டு நாளாச் சோறு தின்னாம அந்தச் சுவரையே பாத்துக்கொண்டு இரிக்கு."

இலையான மீன்

அதற்குப் பிறகு ஒவ்வொரு வலையையும் சவர்க்காரத் தூளிலும் தேசிக்காய்ப் புளியிலும் ஊறவைத்து, நானே மணந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறேன். பனல் செய்கிறவளுக்குக் கண் முக்கியம் என்று நினைப்பீர்கள். மூக்குத்தான்.

மட்டக்களப்பில் எதைச் செதுக்கினாலும் கடைசியில் மீனில் வந்து நிற்கும். நானும் ஒரு மீன் கூட்டம் செதுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் அகன்ற கண், வாயில் ஒரு சிரிப்பு. காத்தான்குடியில் புது வீடு கட்டிய ஹாஜியார் ஒருவருக்கு மாதிரி காட்டக் கொண்டுபோனோம். அவர் தேநீர் தந்தார். பார்த்தார். மறுபடி தேநீர் தந்தார். உள்ளிருந்து அவருடைய மனைவியின் குரல், "கண் வச்சா கிடக்கு?" என்று கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொழுகை நடக்கிற வீட்டுச் சுவரில் உயிருள்ளதன் உருவத்தை வைக்கமாட்டார்கள். நானோ சிரிக்கிற மீனைக் கூட்டமாகக் கொண்டு போயிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மாதிரியைச் சீலையில் சுற்றத் தொடங்கினேன். ரமணனின் முகம் கட்டார்ப் பக்கம் திரும்பிவிட்டது. ஹாஜியார்தான் என் கையைத் தடுத்து, மீனின் தலையைத் தன் உள்ளங்கையால் பொத்திப் பிடித்து, தலையைச் சரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தலையக் கழட்டிட்டா இது இலதானே தங்கச்சி. வாலக் காம்பாக்கிட்டுக் கொண்டாங்க."

தொங்கிப் பார்த்தல்

புது அச்சில் ஊற்றின முதல் பனல் எங்கள் கட்டிலுக்கு மேலேதான் தொங்கவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நாங்கள் அதன் கீழே படுத்து எழும்பிய பிறகுதான் விற்பனை. சட்டம் போட்டவள் நான். கீழே படுக்கிற எல்லாரும் அதை எதிர்த்திருக்கிறார்கள்.

அதோடு எனக்கு ஆறவில்லை. வாடிக்கையாளர் வீட்டில் பூட்டி முடிந்ததும் குணம் அண்ணன் பனலின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக் காட்டவேண்டும். அவர் சிறிய ஆள் இல்லை. ஆரையம்பதியில் மணப்பெண் அலங்கரிக்கிற கடையொன்றில் கண்ணாடிச் சுவருக்கு மேல் பனல் பூட்டினோம். கடைக்கார அக்கா வெளியே போயிருந்தா. நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன். குணம் அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு காலும் அந்தரத்தில். அந்த நேரம் பார்த்து அக்கா, நாளைக்குக் கலியாணப் பெண்ணையும் அந்தப் பெண்ணின் தாயையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தா.

கலியாணப் பெண் தாயின் கையைப் பிடித்தாள். குணம் அண்ணன் கையை விடாமல், கழுத்தை மட்டும் திருப்பி, வந்தவர்களைச் சமாதானப்படுத்தினார்:

"பயப்படாதீங்க மனே, இந்தப் பல்லி விழாட்டிப் பனலும் விழாது."

பின்பக்கம்

நான் படித்த கன்னியர் மடத்தில் தையல் படிப்பித்த சிஸ்டர், பூவேலையைக் கையில் கொடுத்தால் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டா. திருப்பிப் போட்டுப் பின்பக்கத்து முடிச்சுகளைத்தான் பார்ப்பா. எத்தனை ரோசாப்பூ அப்படிக் குப்பைக்குப் போனது என்று கணக்கில்லை. அதே சிஸ்டர், மடத்து வரவேற்பறைக்கு ஒரு பனல் வேண்டும் என்று ஆள் அனுப்பினா. எனக்கு வயது ஏறி, ஒரு பிள்ளையும் பெற்றாயிற்று. ஆனாலும் பாவாடை சட்டை போட்ட பிள்ளையாகத்தான் போய் நின்றேன்.

எதிர்பார்த்தபடியே, "திருப்பு பிள்ளை" என்றா. ரமணனும் குணம் அண்ணனும் சேர்ந்து பிடித்துத் திருப்பினார்கள். பின்பக்கத்தில் நான் இரும்புப் பட்டி குறுக்கும் நெடுக்குமாக ஓடவிட்டிருந்தேன். பட்டிக்குப் பட்டி ஆணி, ஆணிக்குப் பக்கத்தில் அந்த ஆணியை நம்பாமல் இன்னோர் ஆணி. சிஸ்டர் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்தா. பாராட்டப்போகிறா என்றுதான் நினைத்தேன்.

"நல்ல பின்பக்கம்தான் ரெஜினா. ஆனா நீ ஆண்டவரை நம்பிறது போதாது."

ஆணி வேண்டாம்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் தன் அறைகளைப் புதுப்பிக்கிறது என்று கேள்விப்பட்டோம். அந்த வேலைக்குப் பொறுப்பாகக் கொழும்பிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட், இளம் பெடியன், எங்கள் அதிபரின் பூனைச் சுவரை யாரோ எடுத்த படத்தில் பார்த்திருக்கிறார். எல்லா அறையிலும் கட்டில் தலைமாட்டுக்கு மேல் அதே வலைப் பனல் வேண்டும் என்றார். அது கிடைத்தால் கொட்டில் எங்களைத் தாங்கும். ரமணன் ஓர் இரவு முழுக்கச் சிரித்த முகத்தோடு படுத்திருந்தார். அதே கிழமைதான் டவுனிலிருந்து வெளிநாட்டு ஏஜென்சிக்காரரும் போன் எடுத்தார்: விசா ஒன்று இருக்கிறது, பதில் கெதியாக வேண்டும்.

ஆர்க்கிடெக்ட் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். ஆணி கண்ணில் படக்கூடாது. பசை மட்டும். கட்டாரில் எல்லாம் பசைதான், நல்ல பசை, கல்லையே பிடிக்கும் என்று ரமணன் எனக்குச் சத்தியம் பண்ணினார். மாதிரிப் பனலைச் சட்டப்படி எங்கள் கட்டிலுக்கு மேலே பசையால் ஒட்டினார். நானும் மகளும் பாயை எடுத்துக்கொண்டு ஹோலுக்குப் போனோம். அவர் வீம்புக்குக் கட்டிலிலேயே படுத்தார். பனல் விழவில்லை. மறுநாளும் விழவில்லை. விழாத ஒன்றுக்கு ஏன் பயப்படுகிறாய் என்று கேட்டார். அத்தாட்சி என்று காட்ட என்னிடம் இருந்தது ஒரு கிழிந்த சின்னத் தலையணை மட்டும்தான்.

எனக்கு ஹோட்டல் தெரியாதா? பிள்ளையோடு வருகிறவர்களுக்கு ஒரு சின்னக் கட்டில் கொடுப்பார்கள். தாய் அதை இழுத்துத் தன் தலைமாட்டோடு, சுவரோடு சேர்த்துத்தான் போடுவாள். நானென்றாலும் அப்படித்தான் போடுவேன். எவளோ ஒருத்தி, முகம் தெரியாதவள், என் பனலை நம்பிப் பிள்ளையை உறங்கவைத்துவிட்டுக் கடலைப் பார்க்கப் போவாள். ரமணன் சாமான் வாங்கப் பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போன ஒரு காலையில், மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கட்டிலில் ஏறி நின்று ட்ரில்லை எடுத்தேன். வேறு இடத்தில் துளைத்தால் வெடிக்கும் என்பதால் வலை முடிச்சுகளில் துளைத்தேன். கையில் கிடைத்தது உருண்டைப் பித்தளைத் தலை வைத்த ஆணி. நாலு மூலைக்கும் நடுவுக்கும் பார்த்துப் பார்த்துப் பூட்டினேன். பிறகு அந்தப் பனலுக்குக் கீழே, அதே கட்டிலில், வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாகக் கொஞ்சம் சரிந்தேன்.

ரமணன் வந்து வாசலில் நின்று பார்த்தார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். மோட்டார் சைக்கிள் திறப்பை மேசையில் வைத்துவிட்டு ஆறுதலாகத்தான் கேட்டார்:

"என்னைக் கட்டாருக்கு அனுப்பத்தான் உனக்கு விருப்பமெண்டா வாயால சொல்லு ரெஜி. சுவரைத் துளைக்காத."

பித்தளைப் புள்ளி

ஆணியைக் கழற்றினால் ஓட்டை தெரியும், கழற்றாவிட்டால் ஆணி தெரியும். ஆர்க்கிடெக்ட் அடுத்த நாள் வருவதாகச் சொல்லியிருந்தார். புது மாதிரி ஊற்றிக் காய நேரமில்லை. இருவரும் பேசிக்கொள்ளாமலே அறையைக் கூட்டினோம். ரமணன் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்ததை நான் காணாதது போல் இருந்தேன். எனக்குள் ஒரு பேச்சுத் தயாராகியிருந்தது, மடத்தில் படித்த இங்கிலிசில்: தாய்மாரைப் பற்றி, சின்னக் கட்டிலைப் பற்றி, நீங்களும் ஒரு நாள் தகப்பனாவீர்கள் என்பது வரைக்கும். ஓடர் போனாலும் பேச்சு நல்ல பேச்சு.

அவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு எங்கள் படுக்கையறைக்குள் வந்து, கட்டிலில் முழங்காலூன்றி, பனலுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார். ஓர் ஆணித் தலையை விரலால் தடவினார். நான் வாயைத் திறந்தேன். ரமணன் என் காலை மிதித்தார். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள்.

"இது வலையில கட்டுற ஈயக்குண்டு மாதிரிதானே? யார் யோசிச்சது?" என்றார் ஆர்க்கிடெக்ட்.

"மனிசிதான் சேர்" என்றார் ரமணன், நேற்றிலிருந்து என்னோடு கதைக்காத மனிசர். "ஈயக்குண்டு இல்லாட்டி வலை தாழாதுதானே சேர். அதான், டிசைன்."

நான் இங்கிலிஸ் பேச்சை விட்டுவிட்டு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். ஆர்க்கிடெக்ட் பின்னால் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஏதோ குறை கண்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு அலுமாரி உச்சியைப் பார்க்காமல் இருக்கமுடியவில்லை.

"ஐடியா நல்லாயிருக்கு மேடம். ஆனா பயந்து பயந்து போட்டிருக்கிறீங்க. தைரியமா ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒண்டு போடுங்க."

பாசிக்குடா

ரமணன் கட்டாருக்குப் போகவில்லை. பாசிக்குடாவுக்குப் போனார். அறை அறையாகப் பனல் ஏற்றவேண்டும், ஒவ்வொரு முடிச்சுக்கும் ஆணி வேறு. கிழமை முழுக்க அவரும் குணம் அண்ணனும் அங்கேயே வேலையாட்களின் விடுதியில் தங்குகிறார்கள். சனிக்கிழமை பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்து, திங்கள் விடிய முன்னம் திரும்புகிறார். மகள் போனைக் கண்டால் அதைத் தடவி "அப்பா" என்கிறாள். கட்டாரில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள் என்று மாமி ஒருமுறை சொன்னா. நான் காது கேளாதது போல் சோற்றைக் கிண்டினேன்.

பனலைப் பற்றி எனக்கு இப்போது பயமில்லை. அவ்வளவு ஆணிக்குப் பிறகு சுவர் விழுந்தாலும் பனல் நிற்கும். ஆனால் அந்த ரோட்டில் மாடு படுக்கிறது, பஸ்காரர்கள் மாட்டைவிட மோசம். பிறகு ஏணி. ஹோட்டல் சீலிங் உயரம், ஏணி ஹோட்டல்காரருடையது, அதை யார் தொங்கிப் பார்த்தார்கள்? ஆகவே போன் எடுக்கிறேன். சாப்பிட்டாச்சா என்று கேட்க எடுப்பதாகத்தான் தொடங்கும். ஏணிக்கு அடியில் சாக்குப் போட்டீங்களா, ஆர் பிடிச்சுக்கொண்டு நிக்கிற, ஹெல்மட்டுக்குப் பட்டி மாத்தினீங்களா என்று போய் முடியும். நேற்றும் எடுத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து எடுத்தேன். மறுகாலும் எடுத்தேன். கடைசியில் ரமணனின் போனில் குணம் அண்ணனின் குரல் வந்தது, மேலே பார்த்துக் கதைக்கிறவரின் குரல்:

"தங்கச்சி, பனல் விழாது, ஏணியும் விழாது. நீங்க அடிக்கடி போன் எடுக்க, அதுக்குப் பதில் சொல்லக் கையை விட்டுத்தான் இந்த மனிசன் விழப்போறார்."

கொட்டில் வாசல் போர்டில் "அழகிய சுவர்களுக்கு" என்று எழுதியிருக்கிறோம், ஆனால் உள்ளே நான் செய்து விற்பது என் பயத்தைத்தான், பித்தளைத் தலையோடு, ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒன்றாக.